சொளகும் வம்சமும்

நேயர்களுக்கு வணக்கம்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்றார். நான் கேட்பதற்கு முன்பே காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார்: "எங்கள் வம்சத்துக்கே உள்ளதுதான் ஐயா. அம்மாவும் இப்படித்தான் போனாள், அக்காவும் இப்படித்தான்."

குறித்துக்கொண்டேன். தொழில் என்ற இடத்தில், கேட்காமலே, 'இல்லத்தரசி' என்று எழுதினேன். ஈ.சி.ஜி. எடுக்க மணிக்கட்டில் கிளிப் மாட்டும்போதுதான் கையைப் பார்த்தேன். பீடியின் வாயை மடித்து மடித்துப் பழுப்பேறிய விரல் நுனிகள். பன்னிரண்டு வயதிலிருந்து சுற்றுகிறாராம். அம்மாவும் அக்காவும் அதே திண்ணையில், மடியில் இலையும் புகையிலைத் தூளும் பரப்பிய சொளகை, அதாவது முறத்தை, வைத்துச் சுற்றியவர்கள்தாம்.

வம்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் காணப்படுவதாக 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது இதயத்தைத் தளர்த்தக்கூடும்; ஆனால் அது உள்ள எல்லோருக்கும் இதயம் தளர்ந்துவிடுவதில்லை.

நம் ஊரில் தாயிடமிருந்து மகளுக்கு ரத்தம் மட்டுமா போகிறது? சொளகும் சேர்ந்தே போகிறது. பீடியை வாயில் வைக்காதவர் உடம்பிலும் நிகோடின் ஏறும். புகையிலைத் தூளிலிருந்து தோல் வழியாக, மூச்சு வழியாக. சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். நிகோடின் நாடித்துடிப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். செங்கல் சூளையில் நிற்பவருக்கு வேறு வினை: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அடைப்பு உள்ள இதயத்துக்கு அது பட்டினி.

சுற்றும் பீடியின் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் நேரக் கணக்கு ஏது? வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூறின.

'இல்லத்தரசி'யை அடித்துவிட்டு, 'பீடி, நாற்பது ஆண்டுகள்' என்று எழுதினேன். "மகளுக்கும் பார்க்க வேண்டுமா ஐயா?" என்று கேட்டார்.

"கூட்டி வாருங்கள். கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் நான் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுகிறாள், சொளகை எந்த அறையில் வைக்கிறாள் என்று நீங்கள் பார்த்து வாருங்கள்."