கினாபாலுவின் சரிவுகளில்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவுக்குப் போய்க் கினாபாலு மலையைப் பார்த்து வந்தேன் என்று யாரிடமாவது சொல்லுங்கள். உடனே ஒரு கேள்வி வரும்: "உச்சிக்குப் போனீங்களா?" நான் இரண்டு முறை அந்த மலை இருக்கும் கினாபாலு பூங்காவுக்குப் போயிருக்கிறேன். உச்சிக்குப் போனதில்லை. முதல் பயணம் 2012-இல். லபான் ராத்தா விடுதி வரைக்கும் ஏறிவிட்டேன், 3,272 மீட்டர் உயரம். இரவு பத்து மணிக்குத் தலைவலி பிடித்தது. நள்ளிரவில் வாந்தி. எங்கள் வழிகாட்டி, அந்த வட்டாரத்துப் பழங்குடியான டூசுன் மக்களில் ஒரு பெரியவர். கைவிளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நீங்க மேல போகக் கூடாது. விடிஞ்சதும் இறங்கிடணும்" என்று மலாயில் சொன்னார். இரண்டரை மணிக்கு நண்பர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். நான் விடியும்வரை படுத்திருந்துவிட்டு, இன்னொரு வழிகாட்டியின் துணையோடு இறங்கத் தொடங்கினேன்.

அந்த இறக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முந்தின நாள் இதே பாதையில்தான் ஏறினேன். ஆனால் அன்று நான் பார்த்ததெல்லாம் முன்னால் போனவருடைய காலணியின் பின்பக்கம். அடுத்த கல், அடுத்த படி, அடுத்த கிலோமீட்டர்ப் பலகை. இறங்கும்போது எட்டிப் பிடிக்க எதுவும் இல்லாததால் கண் திறந்தது. விடுதிக்குக் கீழே என் தோள் உயரத்துக்கு மேல் வளராத மரங்கள், காற்றில் முறுக்கிக்கொண்டு நின்றன. கிளைகளில் நரைத்த தாடிபோல லைக்கன் தொங்கியது. இன்னும் கீழே போனால் பாசி மூடிய காடு. அடிமரம் எது, பாசி எது என்று விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதற்கும் கீழே மரப் பெரணிகள், ஓக் மரங்கள். நாலைந்து மணி நேர நடையில் நாலைந்து நாடுகளைக் கடந்து வந்ததுபோல இருந்தது.

இது வெறும் மனத்தோற்றம் இல்லை. பூங்காவின் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. உச்சி 4,095 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். அடிவாரத்தில் சட்டை நனைய வியர்க்கும். உச்சிப் பாறையில் சில விடியல்களில் தண்ணீர் உறையும். இடையில் எத்தனை தட்பவெப்பம் உண்டோ, அத்தனைக்கும் ஏற்ற செடிகள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. பூங்காவின் பரப்பு 754 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு. அதற்குள் 5,000 முதல் 6,000 வகைத் தாவரங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஆர்க்கிட் மட்டும் 700 வகைக்கு மேல். 1964-இல் பூங்காவாக அறிவித்தார்கள். 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சரவாக்கின் முலு தேசியப் பூங்காவும் அதே ஆண்டில்தான் சேர்ந்தது. மலேசியாவுக்குக் கிடைத்த முதல் பெருமை அந்த இரண்டும்தான்.

அன்று மதியம் என்னை மெசிலாவுக்குக் கூட்டிப் போனார்கள். பூங்காவின் கிழக்குப் பக்கம், இரண்டாயிரம் மீட்டர் அளவில் இருக்கிற இடம். அங்கே வழிகாட்டியோடு மட்டுமே போக முடிந்த ஒரு சிறு பாதை இருந்தது. மண் சரிந்து, காடு விலகி, புல்லும் புதரும் மண்டிய ஒரு சரிவு. வழிகாட்டி குனிந்து புல்லை விலக்கினார். தரையில் உட்கார்ந்திருந்தது ஒரு குடுவை.

குடுவைச் செடியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இது 'ராஜா' என்று பெயர் பெற்ற வகை. உலகில் இந்த மலையிலும், பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பக்கத்து மலையான தம்புயுக்கோனிலும் மட்டுமே வளர்வது. பெரிய குடுவைகளில் மூன்று லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். நான் பார்த்தது அவ்வளவு பெரியது இல்லை. நம் வீட்டுச் சொம்பைவிடக் கொஞ்சம் பெரிது. நிறம் அரைத்த பீட்ரூட் மாதிரி. வாயைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வழவழத்த விளிம்பு. மேலே வளைந்த ஒரு மூடி. அந்த மூடியின் அடிப்பக்கத்தில் பனித்துளிபோல இனிப்பு நீர் கசிந்திருந்தது. குடுவைக்குள் எட்டிப் பார்த்தேன். பழுப்பு நீரில் இரண்டு சிறு கரும்புழுக்கைகள் மிதந்தன.

வழிகாட்டி சிரித்தார். அந்தப் புழுக்கைதான் இந்தச் செடியின் உணவு.

இந்தச் செடியை 1858-இல் கண்ட பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோவும் அவரோடு வந்த ஸ்பென்சர் செயின்ட் ஜானும், ஒரு குடுவைக்குள் எலி ஒன்று மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நூற்றைம்பது வருடம் இதற்கு 'எலி தின்னும் செடி' என்ற பெயர். எலி எப்போதாவது தவறி விழுவது உண்மைதான். ஆனால் 2009-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் வேறு கதையைச் சொன்னன. மலை மர மூஞ்சூறு என்று அணிலைப் போன்ற ஒரு சிறு விலங்கு. அது பகலில் வந்து மூடியின் அடியில் ஊறும் இனிப்பை நக்குகிறது. அப்படி நக்குவதற்கு அது குடுவையின் விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். விளிம்புக்கும் இனிப்புக்கும் உள்ள தூரம் அந்த விலங்கின் உடல் நீளத்துக்குச் சரியாக இருக்கிறது. வாய் மூடியில் இருக்கும்போது வால்பக்கம் குடுவையின் வாய்க்கு நேராக வந்துவிடும். தின்றபடியே கழிக்கும். இரவில் அதே வேலைக்கு மலை எலி ஒன்று வருகிறது. ஒரு கழிப்பறைக்குப் பகல் முறை, இரவு முறை என்று இரண்டு வாடிக்கையாளர்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? மண்ணைப் பாருங்கள். இங்கே சில சரிவுகளில் இருப்பது பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த ஒருவகைப் பாறை மக்கிய மண். அதில் நிக்கலும் குரோமியமும் மக்னீசியமும் மிகுதி, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) குறைவு. சாதாரணச் செடிக்கு அது நஞ்சு. தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், தழைச்சத்து இல்லாவிட்டால் இலை வெளுத்துவிடும். மண் தராத தழைச்சத்தை இந்தச் செடி ஒரு விலங்கின் வயிற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பதிலுக்கு இனிப்பைக் கொடுக்கிறது. அதை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரம், என் நண்பர்கள் உச்சியில் பார்த்த சூரிய உதயத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

உச்சியின் பெயரே லோ சிகரம். ஆனால் 1851-இல் ஏறிய ஹியூ லோ பாறைத் தளம் வரைக்கும்தான் போனார். அந்த உச்சிமுனையில் அவர் கால் படவே இல்லை. 1888-இல்தான் ஜான் வைட்ஹெட் என்ற பறவை ஆய்வாளர் அதில் ஏறினார். லோ கீழே கொண்டுவந்தது செடிகளை. அவரை அழைத்துச் சென்றவர்களோ, கியாவு கிராமத்து டூசுன் மக்கள். காடு முழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

குறிஞ்சி என்று நாம் ஒரு நிலத்துக்குப் பெயர் வைத்தோமே, அதை யோசித்துப் பாருங்கள். மலை நிலம் முழுவதற்கும் சரிவில் பூக்கும் ஒரு செடியின் பெயரை வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தப் பழக்கம் நமக்கு எங்கே போயிற்று?

இன்னொன்றைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மனம் வராது. கினாபாலு இளம் மலை. பூமிக்கடியில் பாறைக் குழம்பு இறுகிக் கருங்கல்லாகி ஏழெட்டு மில்லியன் ஆண்டுகள்தான் ஆகின்றன. அது உயர்ந்தது அதற்குப் பிறகு. அப்படியானால் இங்கே மட்டுமே வாழும் உயிர்கள் எங்கிருந்து வந்தன? செடிகள், பூஞ்சைகள், பூச்சிகள் என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சில, அடிவாரத்துக் காடுகளிலிருந்து மெல்ல மேலேறிக் குளிருக்குப் பழகியவை. வேறு சில, தொலைதூரத்துக் குளிர்நிலங்களிலிருந்து விதையாகவும் வித்துத்தூளாகவும் வந்து சேர்ந்தவை. பெரும்பாலானவை மலையைவிட வயதில் இளையவை. வெளியிலிருந்து வந்தவை இங்கே வேர்விட்டு, மாறி, இன்று உலகத்தில் வேறெங்குமே இல்லாத இந்த மலையின் சொந்தப் பிள்ளைகளாக நிற்கின்றன. கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உலகின் மிகப் பெரிய பூவான ராப்ளேசியாவைப் பற்றிக் கேட்பீர்கள். அது அடிவாரத்துப் பூ. போரிங் வெந்நீர் ஊற்றுப் பக்கம் கிராமத்துத் தோட்டங்களிலும் பூக்கும். பூத்தால் சாலையோரம் பலகை வைப்பார்கள். சிறு கட்டணம் வாங்குவார்கள், தயங்காமல் கொடுங்கள். அந்தக் காசுதான் அந்தப் பூ ஒட்டி வாழும் காட்டுக் கொடியை வெட்டாமல் வைத்திருக்கிறது. மொட்டு முற்ற மாதக்கணக்கு, பூ நிற்பது ஒரு வாரம் கூட இல்லை. ஆர்க்கிட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ரோத்சைல்டு பெயர் கொண்ட செருப்பு வடிவ ஆர்க்கிட் இந்த வட்டாரத்துக்கே உரியது. திருடிப் பிடுங்கியே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கே வளர்கிறது என்று யாராவது சொன்னாலும் படத்தோடு இடத்தைப் போட்டுப் பகிராதீர்கள்.

இரண்டாம் முறை நான் போனது 2019-இல். மலையின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். 2015 ஜூன் 5 காலை ஏழேகால் மணிக்கு 6.0 அளவில் நிலநடுக்கம் வந்ததே, அதில் பாறை உரிந்த இடங்கள். 18 உயிர்கள் போயின. சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் அடக்கம். அவர்களோடிருந்த வழிகாட்டிகளும் அடக்கம். டூசுன் மக்கள் இதை 'அக்கி நபாலு' என்பார்கள், இறந்த முன்னோர் தங்கும் இடம். மலைக்குக் கோழி பலியிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து அனுமதி கேட்பது அவர்கள் வழக்கம். நிலநடுக்கத்தன்று காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் அந்த மக்களின் பிள்ளைகள்தான். மெசிலாவிலிருந்து உச்சிக்குப் போன வழி அன்றோடு மூடப்பட்டது.

அந்தப் பயணத்தில் ஒருநாள் மாலை, விடுதி வாசல் விளக்கடியில் அந்துப்பூச்சிகள் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கை அகலத்தில் ஒன்று, நகத்தளவில் நூறு. 1965-இல் சில ஆய்வாளர்கள் இந்த மலையில் எந்தப் பூச்சி எந்த உயரத்தில் வாழ்கிறது என்று எழுதி வைத்தார்கள். 42 ஆண்டுகள் கழித்து, 2007-இல், அதே இடங்களுக்குப் போய் மறுபடியும் எண்ணினார்கள். பூச்சிகள் சராசரியாக 67 மீட்டர் மேலே போயிருந்தன. கீழே சூடு கூடக் கூட அவை ஏறிக்கொண்டே இருக்கின்றன. அடிவாரத்துப் பூச்சிக்கு ஏற இன்னும் மலை இருக்கிறது. மேலே ஏற்கெனவே இருப்பதற்கு? அதற்கு மேல் வெறும் பாறையும் வானமும்தான். நாம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பும் அந்த உச்சி, அவற்றுக்குத் தப்ப வழியில்லாத மூலை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சிக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு. லபான் ராத்தாவில் படுக்கை கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படுக்கை இல்லை என்பதற்காகப் பயணத்தைக் கைவிடாதீர்கள். பூங்காத் தலைமையகத்தில் இரண்டு இரவு தங்குங்கள். ஓடையை ஒட்டிப் போகும் சிலாவ்-சிலாவ் பாதையில் காலை ஆறு மணிக்கு நடங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும், பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. மழைக்கோட்டு கட்டாயம். மழை விட்டதும் ஈரப் பாதையில் ஒரு சாண் நீளச் சிவப்பு அட்டையைக் கண்டால் அலறாதீர்கள். அது மனித இரத்தம் குடிக்காது, ராட்சத மண்புழுவைத் தேடிப் போகிறது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பார்.

நன்றி. வணக்கம்.