கல் வைத்துப் பழுக்காத கனி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். கிறிஸ்தவ வாழ்க்கையில் தேவனுக்கேற்ற குணம் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் போதகன் அல்லன். சபையில் சில ஆண்டுகள் மூப்பனாக இருந்தவன். பிழைப்புக்கு மாங்காய்க் கணக்கு எழுதியவன், பிறகு சிறிய தோப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டவன். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கத்து நேயர்களுக்குக் ‘கல் வைத்த பழம்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முற்றாத காயைப் பறித்து, கார்பைடு கல்லைப் பொட்டலமாகக் கட்டிக் கூடைக்குள் வைத்து மூடிவிட்டால், காற்றின் ஈரம் பட்டு அது அசிட்டிலீன் வாயுவை விடும். காய் மரத்தில் முற்றிப் பழுக்கும்போது தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் எத்திலீன் செய்கிற வேலையை, இந்த வாயு வெளியே இருந்து அரைகுறையாகச் செய்துவிடும். தோல் பளபளவென்று மஞ்சளாகும். அறுத்துப் பார்த்தால் கொட்டையை ஒட்டிய சதை வெளுத்துப் புளிக்கும். அந்தக் கல்லில் ஆர்செனிக் போன்ற நஞ்சும் கலந்திருக்கக்கூடும் என்பதால், 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. பழத்துக்குத் தடை இருக்கிறது, மனிதருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் மஞ்சளாகிவிடுகிற வித்தையை நம்மில் பலர் நன்றாகக் கற்றிருக்கிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், மாம்சத்தின் கிரியைகளை, அதாவது மனித இச்சையின் தீய செயல்களைப் பன்மையில் சொல்லிவிட்டு, அடுத்ததாக ‘ஆவியின் கனி’ என்று ஒருமையில் சொல்லுகிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று ஒன்பதை அடுக்கியும், அவற்றை அவர் கனிகள் என்று எழுதவில்லை. கிரேக்க மூலத்திலும் அந்தச் சொல் ஒருமைதான். இதை நான் சிறிய இலக்கண நுட்பமாக எண்ணிக் கடந்துபோனதுண்டு. இப்போது அப்படி எண்ணவில்லை. ஏனென்றால், “எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஆனால் கொடுப்பதில் குறைவைக்க மாட்டேன்” என்றும், “நான் கறாரானவன்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன்” என்றும் நாம் சொல்லிக்கொள்ளும்போது, ஒரே பழத்தில் பிடித்த பக்கத்தை மட்டும் பழுக்கவைத்து, மறுபக்கத்தைக் காயாகவே விட்டுவிட இடம் கேட்கிறோம். சாந்தமில்லாத நேர்மையைச் சபைகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது எல்லாக் கணக்கையும் சரியாகக் காட்டும். அதன் அருகில் எவரும் உட்கார மாட்டார்கள்.

பழுப்பதற்குக் காலம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒட்டுக்கன்று நட்டவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது பூத்தால் நாமே அந்தப் பூவைக் கிள்ளிப் போடுகிறோம். பார்ப்பவருக்கு அது கொடுமையாகத் தோன்றும். ஆனால் வேரும் கிளையும் உறுதிப்படுமுன் காயைச் சுமந்த கன்று, பிறகு ஒருபோதும் ஒழுங்கான மரமாக எழும்புவதில்லை. சபையை நடத்தும் கண்காணியாக வருகிறவன் ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’ என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நூதன சீஷன் என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கிற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘புதிதாக நடப்பட்டவன்’ என்பதாகும். அவன் இறுமாப்படைந்து விழுந்துவிடுவான் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். இப்படி எழுதப்பட்டிருந்தும், நேற்று மனந்திரும்பிய வாலிபனை இன்று மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்து, அடுத்த மாதம் அவனிடம் ஒரு பொறுப்பையும் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் அவன் தடுமாறும்போது அவனையே குறை சொல்லுகிறோம். பூவைக் கிள்ளத் தவறியவர்கள் நாம்தான்.

மா பூக்குமுன் அதற்குச் சற்றே வறட்சியும் பனியும் வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. அந்தச் சமயத்தில் இரக்கப்பட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் இலைதான் தழைக்கும். உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்று ரோமர் ஐந்தாம் அதிகாரம் சொல்வதை நான் இந்த அளவுக்கே புரிந்துகொள்கிறேன். அதற்காக, துன்பத்தில் இருக்கிற ஒருவரிடம் போய், “இது உங்களைப் பண்படுத்தத்தான் வந்திருக்கிறது” என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இனி, என் சொந்தக் கணக்கைச் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ஆம் ஆண்டில். நான் சொல்லப்போவது அதற்கு வெகு முன்னால், தருமபுரி மாவட்டமாகவே எல்லாம் இருந்த காலத்தில் நடந்தது. நான் ஒரு மாங்காய் மண்டியில் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பெங்களூரா ரக மாங்காய் வரத்து மிகுந்த நாட்களில், அழுகல், அடிபட்ட காய், கூடையின் எடை என்று சொல்லி, ஒவ்வொரு எடைக்கும் சில கிலோவைக் ‘கழிவு’ என்று எழுதுவது வழக்கம். அதில் நியாயமானது பாதி இருக்கலாம். மீதி எங்கிருந்து வந்தது என்று எழுதின கைக்குத் தெரியும். விவசாயிகள் விடியற்காலையில் மாட்டுவண்டியோடு வந்து, வெயிலில் நின்று, “பார்த்து எழுதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டை மடித்து வாங்கிக்கொண்டு போவார்கள். பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. அப்போதும் நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்ற நீதிமொழியை மனப்பாடம் செய்யவைத்துப் பரிசும் கொடுத்தேன். தராசில் கள்ளம் இல்லை, சீட்டில்தானே இருக்கிறது என்று என் மனம் எனக்குச் சமாதானம் சொன்னது. குணம் கெடுவது பெரிய சோதனையில் என்று நினைத்திருந்தேன்; என்னுடையது இரண்டு கிலோ, மூன்று கிலோவாகக் கெட்டது. அப்படிக் கெட்டது திரும்பக் கட்டப்படுவதும் ஒரு கூட்டத்தில் கண்ணீர் விட்டதால் அல்ல, அதே சிறிய அளவில்தான் என்பதை மெதுவாகத்தான் கற்றேன்.

இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’, அதாவது நான்கு மடங்காகத் தருகிறேன் என்று சொன்னதை லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ‘இனிமேல் நல்லவனாக இருப்பேன்’ என்று அவன் சொல்லவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மண்டியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, எனக்கு முகம் நினைவிருந்த ஒரு பெரியவரின் வீட்டைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவர் சிரித்தார். “அந்த வருசம் காய் நல்லா காய்ச்சுது தம்பி, அதுதான் எனக்கு நெனப்பு இருக்கு” என்றார். பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய மனைவிதான் வாங்கிக்கொண்டார். “அவருக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கலை” என்றார். என்னை மன்னித்தவர் யார் என்று இன்றுவரை என்னால் சொல்லமுடியவில்லை; ஆனால் அந்த அம்மாளின் சொல்லே எனக்கு அதிக நன்மை செய்தது.

மற்றவர்களை நான் கண்டுபிடிக்கவில்லை. சிலர் இறந்துபோயிருந்தார்கள், சிலர் நிலத்தை விற்றுவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டிருந்தார்கள். திருப்பிக் கொடுக்க நஷ்டப்பட்டவனும் இல்லை, அவன் இனத்தானும் இல்லை என்றால் என்ன செய்வது என்பதற்குக்கூட எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. அது கர்த்தருக்குச் செலுத்தப்படவேண்டும். ‘விருப்பத்தையும் செய்கையையும்’ நமக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியருக்கு நிருபம் எழுதிய பவுல், அதற்கு முந்தின வசனத்திலேயே பிரயாசப்படுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எங்கள் தோப்பின் முதல் பறிப்பில் ஒரு பங்கை, பறிக்க வருகிறவர்களின் கூலியோடு சேர்த்துக் கொடுக்கிறேன். எடை போடும்போது சீட்டை நான் எழுதுவதில்லை; அவர்களில் படித்த பிள்ளை ஒன்று எழுதும், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சென்ற ஆண்டு அந்தப் பெண், “கூடைக்கு எவ்வளவு கழிக்கணும் ஐயா?” என்று கேட்டாள். வெறுங்கூடையைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.