பிளஸ் ஒன் சைக்கிளும் மெயின் ரோடும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. பஸ் வராத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை. ஆனால் தெருவில் ஓட்டிப் பழகிய பிள்ளை, பிளஸ் ஒன்னில் கிடைத்த புது சைக்கிளோடு நேரே மெயின் ரோட்டுக்கு வந்துவிடுகிறது. அதுதான் என் கவலை.

லாரியின் இடப்பக்கத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், உயரத்தில். இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது. இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நடுவில் மாட்டுகிற சைக்கிளுக்கு ஒதுங்க இடமே இருக்காது. அதனால் சிக்னலில் சந்து கிடைக்கிறதே என்று லாரிக்கும் நடைமேடைக்கும் நடுவில் நுழையாதீர்கள், கண்ணுகளா. பின்னாலேயே நின்று, அது போன பிறகு போங்கள்.

அப்புறம், பொழுது சாய்ந்த நேரம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரே நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். பின் மட்கார்டில் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டரைச் சேறு மூடியிருந்தால் துடையுங்கள், உடைந்திருந்தால் மாற்றுங்கள். பெடலிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டலாம். மேலும் கீழும் அசைவதால் சட்டென்று கண்ணில் படும். ஆனால் தன் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் ரிஃப்ளெக்டர் மின்னும். குறுக்குத் தெருவிலிருந்து திரும்பும் வண்டிக்கு அது தெரியாது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைக்கு முன்னும் பின்னும் சின்ன விளக்கு கட்டாயம் வேண்டும்.

பள்ளி வலப்பக்கம் இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓட்டக் கூடாது. துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். தம்பி தங்கையை கேரியரில் ஏற்றினால் அவர்கள் கால் பின்சக்கரக் கம்பிக்குள் போய்விடும். சின்னப் பிள்ளைகளின் குதிகால் இப்படித்தான் கிழிகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரம் பிள்ளையோடு அந்த வழியில் ஒருமுறை நீங்களும் போய்ப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்பதை அங்கேயே காட்டிவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன் தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றிவிடுங்கள். ரிம் நனைந்தால் புதுக் கட்டைகூடச் சரியாகப் பிடிக்காது. கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.