எந்தக் காபியைச் சொல்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். காபி உடம்புக்கு நல்லதா, கெட்டதா? இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று புதுச்சேரி வானொலியில் அழைத்தார்கள். கடலூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் மிச்ச நேரத்துக்கு நல்ல பாட்டு போடலாம். ஆனால் கேள்வியே பாதியில் நிற்கிறதே, என்ன செய்ய?

பொடிக்கடைக்குப் போகிறீர்கள். "பீபெரியா, பிளான்டேஷனா? சிக்கரி எவ்வளவு போடட்டும்? நைசா அரைக்கவா, கொஞ்சம் கரகரப்பாகவா?" என்று கடைக்காரர் கேட்கிறார். நாமும் சலிக்காமல் பதில் சொல்கிறோம். அதே நாம், 'காபி குடித்தால் ஆயுள் கூடும்' என்று பேப்பரில் போட்டிருந்தால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எந்தக் காபி, யார் குடித்தது, எப்போது குடித்தது? இந்த மூன்றையும் கேளுங்கள். இன்றைக்கு இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், யார் குடித்தது.

1981இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரையன் மக்மகான் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணையப் புற்றுநோய்க்கும் காபிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். உலகமே பயந்தது. அந்தப் புற்றுநோயாளிகளை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். அதே மருத்துவர்களிடம் வந்த மற்ற நோயாளிகளோடு. அவர்களில் நிறையப் பேருக்கு வயிற்றுக்கோளாறு. வயிறு எரிகிறவர் காபியைக் குறைத்திருப்பாரா, மாட்டாரா? அவர் குறைத்துவிட்டதால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் புற்றுநோயாளி அதிகம் குடிப்பவராகத் தெரிகிறார். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மனதில் ஏறாது. அதனால் அவர்களைத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துப் பக்கம் அனுப்புவேன். ஆளுக்கு ஒரு டீக்கடை. காலையில் வருகிறவர்களில் யார் என்ன குடிக்கிறார், இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்று எழுதிவர வேண்டும், அவ்வளவுதான். முதல் முறை போன பையன்களைச் சுகாதாரத் துறை ஆட்கள் என்று நினைத்து ஒரு கடைக்காரர் ஓசியில் மசால் வடை கொடுத்து அனுப்பிவிட்டார். கணக்கு எழுதிய தாளில் எண்ணெய்க் கறைதான் அதிகம்! இன்னொரு கடையில் மாஸ்டரே பாடம் எடுத்திருக்கிறார். "எழுதிக்க தம்பி. டீக்கு பீடி, காபிக்கு சிகரெட். கையில ஒண்ணும் இல்லாம குடிக்கிறவரு பொண்டாட்டியோட வந்திருக்காருன்னு அர்த்தம்." நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் ஏறாதது அந்த ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. காபி குடிப்பவரின் நுரையீரல் கெட்டால் குற்றவாளி டம்ளரா, விரல் நடுவே புகைவதா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2012இல் அமெரிக்காவில் சுமார் நான்கு லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு வந்தது. எல்லாரும் ஆரம்பத்தில் 50 முதல் 71 வயதுக்காரர்கள். முதல் கணக்கில் காபி குடிப்பவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்ததும் முடிவு தலைகீழானது. காபி குடிப்பவர்களிடம் இறப்பு கொஞ்சம் குறைவு. அப்போதும் காபிதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் காபியை விடாமல் குடிக்கிறார்களோ என்னவோ! சேர்ந்து வருவது வேறு, காரணமாக இருப்பது வேறு.

சரி, எந்தக் காபி?

1991இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, காபி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் அதைச் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்தான் சந்தேகம். 2016இல் மறுபடி பார்த்து, போதிய ஆதாரம் இல்லை என்று எடுத்துவிட்டது. அதோடு இன்னொன்றும் சொன்னது, அதை நிறையப் பேர் கவனிக்கவில்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும், அது காபியோ டீயோ, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிசெய்யக்கூடும். ஆகவே டபராவில் ஊற்றி நாலு ஆத்து ஆத்திக் குடிக்கிறவர்கள் அப்படியே தொடரலாம். இறக்கிய சூட்டோடு மடக்கென்று குடித்துவிட்டு, 'காபின்னா இப்படி இருக்கணும்' என்று பெருமை பேசுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் ஃபில்டர். டிகாக்‌ஷன் இறங்கியதும் பாலில் கலந்துவிடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்கும். காபிக்கொட்டையின் எண்ணெய் அது. அதில் காஃபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது. கெட்ட கொழுப்பை, அதாவது எல்.டி.எல்.லை அது ஏற்றும். நார்வேயில் துரோம்சோ என்ற ஊரில் 1983இல் காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொழுப்பும் அதிகம் என்று கண்டார்கள். அங்கே பொடியைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டாமல் குடிக்கும் பழக்கம். காகிதத்தில் வடிகட்டினால் அந்த எண்ணெய் காகிதத்திலேயே தங்கிவிடும். நம் வீட்டு ஃபில்டரில் காகிதம் ஏது? மேல் பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகத் துளைகள், அவ்வளவுதான். பொடி ஓரளவு எண்ணெயைப் பிடித்து வைக்கும், ஆனால் காகிதம் பிடிக்கிற அளவுக்குப் பிடிக்காது. ஆகவே 'வடிகட்டிய காபி இதயத்துக்கு நல்லது' என்று வெளிநாட்டுச் செய்தி வந்தால், அது நம் எவர்சில்வர் ஃபில்டரைச் சொல்லவில்லை. கொலஸ்டிரால் அதிகம் உள்ளவர்கள் டம்ளர் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. இன்ஸ்டன்ட் காபியில் இந்த எண்ணெய் மிகக் குறைவு. ஆனால் அதைக் குடியுங்கள் என்று வானொலியில் சொன்னேன் என்றால் எங்கள் வீட்டில் எனக்கு இரண்டு நாளைக்குக் காபியே கிடைக்காது.

மூன்றாவது, எப்போது. நம் ஊருக்கு முக்கியமானது இதுதான்.

இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் காபி வேண்டும் நமக்கு. காபியில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற பொருள்கள் காய்கறி, கீரை, தானியத்திலிருந்து வரும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. 1983இல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது குறையவில்லை. சாப்பிட்டு ஒரு மணி கழித்துக் குடித்தபோதும் குறைந்துதான் போனது! ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்கிறது. அந்த 'ஆவது' என்பதை அழுத்திப் படியுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முருங்கைக்கீரையை ஆய்ந்து, பொரியல் செய்து சாப்பிட்டுவிட்டு, மேலேயே காபியை ஊற்றினால் ஆய்ந்த பாடு பாதி வீண்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் கேளுங்கள். தண்ணீரில் விழுங்குங்கள், அரை மணி, முடிந்தால் ஒரு மணி கழித்துக் காபி. சேர்த்துக் குடித்தால் மாத்திரை சரியாக ஏறாது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு அளவு இறங்கவே மாட்டேன் என்கிறதே என்று அலைகிறவர்கள் மாத்திரையின் அளவைக் கூட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். தூக்கம், சர்க்கரை, கர்ப்பிணிகள் என்று மூன்றும் பாக்கி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு காபியில் தூக்கத்தை விரட்டும் பொருளான காஃபீனை 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013இல் கண்டார்கள். அது பெரிய அளவு. 150 மில்லி காபியில் 80 முதல் 120 வரை இருக்கும், சிக்கரி கலந்தால் குறையும். நெதர்லாந்தில் 2002இல் வந்த ஆய்வில் நாளுக்கு ஏழு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு, இரண்டு கோப்பைக்குள் நிறுத்தியவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு பாதியாக இருந்தது. உடனே ஏழு டம்ளருக்கு மாறிவிடாதீர்கள். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏழு டம்ளருக்குப் பதினாலு ஸ்பூன். கர்ப்பிணிகளுக்குக் காஃபீன் உடம்பை விட்டு வெளியேற அதிக நேரம் பிடிக்கும், நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். டீயில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். நேரம் முடிந்தது, வணக்கம்.