வால் மறிக்கும் வரை

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

2022ஆம் ஆண்டு மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் ரவுட்டர் அணைந்து இணையம் போனதும் மடிக்கணினியில் குரோம் உலாவியின் அந்தக் குட்டி டைனோசர் விளையாட்டு வந்து நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும். மறுபடி அழுத்தினால் கள்ளிச்செடியைத் தாண்டும். கணினி விளையாட்டு எதையும் அதுவரை தொட்டிராத என் அம்மா, பற்றரி தீரும்வரை எழும்பவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. விழும்போதெல்லாம் "இன்னொருக்கா" என்பார். அந்த "இன்னொருக்கா" எங்கிருந்து வருகிறது?

எனக்கு அது முதலில் விளங்கியது நோக்கியா போனின் பாம்பு விளையாட்டில். 1997இல் 6110 என்ற போனுக்காக தனேலி அர்மாந்தோ என்ற பொறியியலாளர் எழுதியது. புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில், அண்ணாவிடம் போனைக் கெஞ்சி வாங்கி விளையாடியிருக்கிறேன். அதில் எதிரி என்று எவரும் இல்லை, கவனித்தீர்களா? தின்னத் தின்ன உடல் நீளும்; நீண்ட உடலே பிறகு வழியை மறிக்கும். சற்றுமுன் நான் எங்கே திரும்பினேனோ, அங்கேதான் இப்போது வால் கிடக்கிறது. திரை முழுக்க நான் எடுத்த முடிவுகள். தோற்றால் காரணம் கண்முன்னே தெரியும்: அந்த வளைவில் கொஞ்சம் பிந்தித் திரும்பியிருக்கலாம். சரி, இன்னொருக்கா. பெரிய விளையாட்டுகளில் தோற்றால் ஏன் தோற்றேன் என்றே பல நேரம் தெரிவதில்லை.

மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸும் இப்படித்தான். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரோனிக்கா 60 கணினிக்குப் படம் வரையவே தெரியாது. அடைப்புக்குறிகளைச் சேர்த்துத்தான் கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்களை ஒட்டினால், திருப்பலாம் ஆனால் கவிழ்க்கக் கூடாது என்றால், ஏழு வடிவங்கள்தான் வரும். எட்டாவது கிடையாது. அந்த ஏழும் கைக்குள் அடங்கிவிட்டன என்ற நிறைவுதான் நம்மை இருத்தி வைக்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் ஆபத்தும் உண்டு, அதை மறைத்துப் பேச மாட்டேன். வியட்நாமின் டொங் நுயென் 2013இல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட் என்ற கைபேசி விளையாட்டு உலகமெங்கும் பரவியது. ஆட்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி 2014 பெப்ரவரியில் அவரே அதை நீக்கிவிட்டார். பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்புறம் ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன், இதில் என்னதான் இருக்கிறது என்று. "சின்னனில கல்லை எறிஞ்சு பிடிச்சுக் கொக்கான் வெட்டினது மாதிரித்தான். கை முந்தினாலும் கல்லு விழும், பிந்தினாலும் விழும்" என்றார்.

இப்போது கரண்ட் இருக்கிறது. ஆனாலும் பின்னேரங்களில் ரவுட்டரை அணைத்துவிடச் சொல்கிறார்.