இரவல் காட்சியும் செய்தி முன்னோட்டமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

செய்தித் தொலைக்காட்சிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் முன்னோட்டங்களில், அதாவது புரோமோ என்று நாம் சொல்லிப் பழகிய அந்த அரை நிமிட விளம்பரங்களில், காட்சி வங்கிகளிடம் விலைக்கு வாங்கிய ஸ்டாக் காட்சிகளை, அதாவது வேறு யாரோ எப்போதோ எடுத்துப் பலருக்கும் விற்கப்படும் இரவல் காட்சிகளைச் சேர்ப்பது முறையா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். செய்தியில் இரவல் காட்சி இடம்பெறுவதைவிட முன்னோட்டத்தில் இடம்பெறுவது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பலரும் இதை 'விளம்பரம்தானே' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

செய்தியில் படத்துக்குத் துணையாகச் சொற்கள் வருகின்றன. வாசிப்பவர் இடத்தையும் நாளையும் சொல்கிறார். படம் பழையது என்றால் திரையின் மூலையில் 'கோப்புக் காட்சி' என்று போட்டுவிடலாம். முன்னோட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. 'களத்தில் முதலில் நாங்கள்' என்று கம்பீரமான குரல் ஒலிக்கும்போது, இடுப்பளவு வெள்ளத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்தபடி நடந்து போனால், அந்தக் கூற்றுக்கு அந்தப் படமே சாட்சியாகிறது. நடப்பவர் அந்த நிலையத்தின் செய்தியாளர் அல்லர், அந்த வெள்ளத்துக்கு அவர்கள் போகவும் இல்லை என்றால், சாட்சி பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது.

இது எப்படி நேர்கிறது என்று பாருங்கள். தொகுப்பாளர் காட்சி வங்கியின் தேடல் பெட்டியில் 'வெள்ளம்' என்று தட்டுகிறார். வரிசையாக வந்து விழும் துணுக்குகளில் ஒளி நன்றாக உள்ள ஒன்றை எடுத்து, இரண்டு வினாடிக்கு வெட்டி, இசையின் அடிக்குப் பொருத்துகிறார். அது எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு தேடல் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. இத்தகைய துணுக்குகளின் உரிமம் பெரும்பாலும் ஒருவருக்கே உரியதாக இருப்பதில்லை. ஆகவே போட்டி நிலையமும் அதே மனிதரைத் தன் ஆளாகக் காட்ட முடியும். செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட காட்சியை விளம்பரத்தில் சேர்ப்பது உரிம மீறலும் ஆகலாம்.

முன்னோட்டத்தின் பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2007ஆம் ஆண்டு பிபிசியில் நடந்தது ஒன்றே போதும். பிரிட்டன் அரசி எலிசபெத்தைப் பற்றிய ஆவணப்படத்தின் முன்னோட்டம், படப்பிடிப்பிலிருந்து அவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவதுபோல் காட்டியது. உண்மையில் அது அவர் உள்ளே வரும்போது எடுத்த காட்சி. அது இரவல் படம்கூட அல்ல, காட்சிகளின் வரிசை மட்டுமே மாறியிருந்தது. அதற்கே பிபிசி 1 தலைவர் பீட்டர் ஃபின்சம் அந்த அக்டோபரில் பதவி விலக நேர்ந்தது. செய்தியிலும் இத்தகைய சறுக்கல்கள் உண்டு: 2019இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏபிசி நியூஸ் சிரிய எல்லைத் தாக்குதல் என்று காட்டியது, அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு துப்பாக்கிச் சுடுதளத்தில் எடுக்கப்பட்டதாகத் தெரிந்த காட்சி, 2020இல் மற்றோர் அமெரிக்கச் செய்தி நிறுவனமான சிபிஎஸ் நியூஸ் நியூயார்க் மருத்துவமனைகளைப் பற்றிய செய்தியில் இத்தாலிய மருத்துவமனையைக் காட்டியது. அங்கெல்லாம் தவறு வெளிப்பட்டதும், பொறுப்பேற்க ஒரு செய்திப் பிரிவு இருந்தது. முன்னோட்டத்தையோ பல நிலையங்களில் விளம்பரப் பிரிவே தயாரிக்கிறது. செய்தி ஆசிரியர் அதை நம்மைப்போலத் திரையில்தான் முதன்முதலில் பார்க்கிறார்.

விடியல் வானம், இரவு நகரின் விளக்குகள், ஓடும் மேகம் ஆகியவற்றை நான் குறை சொல்லவில்லை. அவற்றைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. மீட்புப் பணி, கலவரம், அழும் தாய், ஓடும் செய்தியாளர் என்று வரும்போதுதான் கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. சிறிய நிலையங்களுக்குப் பணமில்லை என்பார்கள். அவர்களுடைய செய்தியாளர் ஒரு நகராட்சிக் கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மங்கலான படம் அவர்களிடம் இருக்குமே! வாங்கிய வெள்ளத்தைவிட அது அந்த நிலையத்தைப் பற்றி அதிக உண்மையைச் சொல்லும்.

அமெரிக்கத் தொழில்முறைச் செய்தியாளர் சங்கம் 2014இல் திருத்திய நெறிமுறை, செய்தியை முன்னறிவிக்கும்போதும் திரித்துக் காட்டாதிருக்கத் தனிக்கவனம் வேண்டும் என்கிறது. அந்தக் கவனம் நடைமுறைக்கு வர, செய்தி ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமல் எந்த முன்னோட்டமும் ஒளிபரப்பாகக் கூடாது என்று கேட்கிறேன். தவறான காட்சி போய்விட்டால், நள்ளிரவில் ஒருமுறை வருத்தம் தெரிவிப்பது போதாது. அந்த முன்னோட்டம் எந்தெந்த நேரங்களில் எத்தனை முறை ஓடியதோ, அதே நேரங்களில் அத்தனை முறை திருத்தமும் ஓட வேண்டும்.