பேன் பார்க்கும் கையும் புழு ஏறும் வழியும்

[காட்சி: ஒகேனக்கல், காலை நேரம். எண்ணெய் தேய்க்கும் இடம். கேமரா மெல்ல உயர்ந்து மதில்மேல் இருக்கும் குரங்குகளைக் காட்டுகிறது.]

கீழே எண்ணெய் மசாஜ். முதுகில் தட்டும் ஓசை அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. மதில்மீதும் அதே வேலைதான், எண்ணெய் மட்டும் இல்லை. ஒரு நாட்டுக் குரங்கு குப்புறக் கிடக்கிறது. இன்னொன்று அதன் மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது.

உப்பு தின்கிறது என்று பக்கத்தில் யாராவது விளக்கம் சொல்வார்கள். உப்பு அல்ல. நம் குரங்கின் பங்காளியான ஜப்பானியக் குரங்கைக் கூர்ந்து கவனித்தபோது, அது எடுத்துத் தின்றவற்றில் பெரும்பாலானவை ஈர், அதாவது பேன் முட்டை என்று தெரிந்தது.

[வரைபடம்: குரங்குகள் புள்ளிகளாக, பேன் பார்க்கும் உறவுகள் கோடுகளாக.]

யார் யாருக்குப் பேன் பார்ப்பது என்பதில் கணக்கு உண்டு. இந்த இனங்களில் பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிக்கின்றன. தாய், மகள், அக்காள், தங்கை என்று உறவு கொடிபோல் படர்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தால், சிலவற்றுக்குக் கோடுகள் மொய்க்கும். சில ஓரத்தில் ஒற்றைக் கோட்டோடு நிற்கும். நடுவில் இருப்பதற்குப் பேன் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? ஜப்பானின் கோஷிமா தீவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். குரங்கைப் பிடித்து மயிரைச் சீவவில்லை. ஈர் எடுக்கும் விரல் அசைவுகளையே எண்ணினார்கள். நடுவில் இருந்த பெண் குரங்குகளிடம், கோடையிலும் குளிர்காலத்திலும் பேன் குறைவு.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வீடியோ தேவையில்லை.

[காட்சி: ஈர மண், உதிர்ந்த இலைகள். மண்மட்டத்தில் கேமரா.]

யாக்குஷிமா என்ற மற்றொரு ஜப்பானியத் தீவில், 2012இல் வெளியான ஆய்வு குடற்புழுவைக் கணக்கெடுத்தது. முடிவு தலைகீழ்: உறவு வலையின் நடுவில் இருந்த பெண் குரங்குகளிடம் புழு அதிகம். எப்படி? புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறுகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் சில நாட்களில் நுண்புழு பிறக்கிறது. ஒரு வகை உணவோடு வாய்க்குள் போகும். இன்னொரு வகை தோலையே துளைத்து உள்ளே நுழையும். ஒன்றாக உட்காரும் குரங்குகள் ஒரே மண்ணைத் தொடுகின்றன, ஒரே இடத்தில் தின்கின்றன. பேனைக் குறைக்கும் அதே நெருக்கம் புழுவுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. புழு இருந்தாலே நோயாளி என்று நினைத்துவிட வேண்டாம். புழுவோடு நன்றாகவே வாழும் குரங்குகள் ஏராளம்.

குரங்குகள் சும்மா இருக்கின்றனவா? கென்யாவின் அம்போசெலியில் பபூன்கள் ஒரு தோப்பில் ஓரிரு இரவு உறங்கிவிட்டு, பல நாட்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கீழே விழுந்த மலத்தில் புழு பெருகும் காலத்தைத் தவிர்க்கவே இது என்று 1982இல் வாதிட்டார்கள். காபோன் நாட்டின் மாண்ட்ரில் குரங்குகள் இன்னும் நுட்பமானவை. குடல் ஒட்டுண்ணி தொற்றிய குரங்குக்கு மற்றவை பேன் பார்ப்பது குறைகிறது. மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை நீக்கியதும் பழைய கவனிப்பு திரும்புகிறது. தொற்றியதன் மல வாசனையே வேறாக இருப்பதை 2017இல் காட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்த தொடர்ச்சி எனக்கு இன்னும் பிடித்தது: தொற்றியது தாயோ, பிள்ளையோ, தாய்வழி உடன்பிறப்போ என்றால் ஒதுக்குவதில்லை.

[காட்சி: கோஷிமா கடற்கரையின் கோட்டோவியம். பிறகு ஒகேனக்கல் வண்டி நிறுத்துமிடம்.]

கோஷிமாவுக்குத் திரும்புவோம். 1953இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கிய தீவு அது. 2015இல் வெளியான சோதனையில் உண்மையான மலம், பிளாஸ்டிக்கில் செய்த போலி மலம், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றின் மேலும் உணவை வைத்தார்கள். கோதுமை மணி என்றால் மலத்தின் மேல் இருப்பதைத் தவிர்த்தன. வேர்க்கடலை என்றால் எதன்மேல் இருந்தாலும் எடுத்துத் தின்றன! சத்து அதிகம், அருவருப்பு தோற்றுவிட்டது. கிழங்கைக் கழுவி, அசுத்தத்தை ஒதுக்கும் குரங்குகளுக்குப் புழு குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதில் பெண்களே முன்னணி.

இனி நம் ஊர். காட்டுக்குள் இருக்கும் கூட்டம் அத்திப்பழமும் தளிரும் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். மலம் ஓரிடத்தில் குவியாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைச்சாலையில், ஜன்னல் வழியாக எறியப்படும் கடலைக்காக அமரும் கூட்டம் அப்படியல்ல. தினமும் அதே வளைவு, அதே மண். உண்பதும் கழிப்பதும் அங்கேயே. விழுவதோ, மலத்தின் மேல் கிடந்தாலும் விடமாட்டாத அந்தக் கடலை.

சாலையோரக் கூட்டம் ஒன்று, காட்டுக் கூட்டம் ஒன்று. இரண்டின் மலத்திலும் புழு முட்டையை எண்ணி ஒப்பிடலாம். உப்புக் கரைசலில் கலக்கினால் பல வகை முட்டைகள் மேலே மிதக்கும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். கடினமான பகுதி, அடையாளம் தெரிந்த ஒரு குரங்கின் பின்னாலேயே அது எப்போது கழிக்கும் என்று காத்திருப்பது. தருமபுரியில் விலங்கியல் படிக்கும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், கையுறையும் வனத்துறை அனுமதியும் முதலில் வேண்டும்.